ஜப்பானிய மொழி கற்க லட்ச ரூபாய் வேண்டுமா? பேகம்பூரில் இருந்தபடியே படிக்க என்ன வழி?

"ஜப்பானில் வேலை. மொழிப் பயிற்சி நாங்களே தருகிறோம். இப்போதே முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்யுங்கள்." வாட்ஸ்அப் குரூப்களில் இந்த மாதிரி விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் இப்போது குறைவு. திண்டுக்கல் பேகம்பூரில் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடும் ஓர் இளைஞர் இதைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் நகை இருக்கிறது, அடகு வைக்கலாம் என்று அம்மா சொல்கிறார். கட்டலாமா?

கட்டுவதற்கு முன் ஆறு மாதம் பொறுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. ஏனென்றால் அந்த ஆறு மாதத்தில் வகுப்பில் சொல்லித்தரும் அடிப்படைப் பாடம் முழுவதும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதுவும் திருட்டு பிடிஎஃப் இல்லை, ஜப்பான் அரசு சார்ந்த நிறுவனமே போட்டு வைத்திருப்பது. இன்னொன்று, தமிழ் தெரிந்தவருக்கு இந்த மொழியில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை.

முதலில், எந்தத் தேர்வு?

ஜப்பானிய மொழிக்கு இரண்டு தேர்வுகளின் பெயர் அடிக்கடி காதில் விழும். ஒன்று ஜேஎல்பிடி. 1984 முதல் நடக்கிறது. 2010-ல் மாற்றியமைத்தபின் என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகள். என்5 தான் முதல் படி. மொத்தம் 180 மதிப்பெண்ணில் என்5-க்கு 80, என்4-க்கு 90 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. கேட்டல் பகுதியில் தனியாக 60-க்கு 19 எடுத்தாக வேண்டும். இலக்கணத்தில் சதமடித்துவிட்டு இதில் 18 வாங்கினால் ஃபெயில்தான்.

இன்னொன்று ஜேஎஃப்டி பேசிக். கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வு. 250-க்கு 200 வேண்டும். 2019 ஏப்ரலில் ஜப்பான் 'குறிப்பிட்ட திறன் பணியாளர்' என்ற விசாவைத் தொடங்கியபோது, அதற்காகவே வந்தது இது. அந்த விசாவுக்குப் பெரும்பாலான தொழில்களில் என்4 அல்லது ஜேஎஃப்டி பேசிக், இரண்டில் ஒன்று போதும். கூடவே அந்தந்தத் தொழிலுக்கான திறன் தேர்வும் எழுத வேண்டும். முதியோர் பராமரிப்பு வேலை என்றால் அதற்கென்று தனி மொழித் தேர்வும் உண்டு. இந்தியாவும் ஜப்பானும் இதற்காக 2021 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன.

என்ஜினீயரிங் படித்து ஐடி வேலைக்குப் போகிறவர்களின் விசா வேறு வகை. அதற்குச் சட்டப்படி மொழிச் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனால் இன்டர்வியூ எடுக்கும் கம்பெனி கேட்கும்.

ஆக, "என்5 முடித்தாலே வேலை" என்று யாராவது சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்கள். என்5 என்பது வாசல்படி மட்டும்தான். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். பதிவு பெற்றவர்கூட சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்பது விதி.

தமிழ் எப்படி உதவும்?

"நேற்று பஸ் ஸ்டாப்பில் பார்த்த ஆள்." இதை ஜப்பானியத்தில் சொன்னால்: கினோ (நேற்று) பசுதெய் (பஸ் ஸ்டாப்) தெ (இல்) மித (பார்த்த) ஹிதோ (ஆள்). ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. இதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், தலைகீழாகத் திருப்ப வேண்டியிருக்கும்.

நாம் பள்ளியில் படித்த வேற்றுமை உருபுகள் நினைவிருக்கிறதா? ஐ, ஆல், கு, இன்... அதே வேலையைச் செய்யும் சின்னச் சின்ன ஒட்டுகள் ஜப்பானியத்திலும் பெயருக்குப் பின்னால்தான் வரும். 'வதஷி மோ' என்றால் 'நானும்'. அந்த 'மோ'தான் நம்ம 'உம்'. 'இகிமாஸ் கா' என்றால் 'போறீங்களா'. கடைசி 'கா'தான் நம்ம 'ஆ'. ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்ல நாம் 'என்று' போடும் இடத்தில் அவர்கள் 'தோ' போடுவார்கள்.

இதைவிட சுவாரசியமானது வினைச்சொல். 'சாப்பிட்டுப் பாருங்க' என்கிறோம். சாப்பாட்டைக் கண்ணால் பார்க்கச் சொல்லவில்லை, ருசித்துப் பார்க்கச் சொல்கிறோம். ஜப்பானியரும் 'தபெதெ மிதெ குதசாய்' என்பார்கள். 'தபெதெ' சாப்பிட்டு, 'மிதெ' பார். அதே 'பார்', அதே அர்த்தம். 'வாங்கி வை' என்பது 'கத்தெ ஒகு'. 'ஒகு' என்றால் வைப்பது. 'எழுதிக் கொடுக்கிறேன்' என்பது 'கைதெ அகெரு'. 'அகெரு' என்றால் கொடுப்பது. ஆங்கில வழிப் புத்தகங்கள் இந்த ஒவ்வொன்றையும் தனித்தனி இலக்கண விதியாகப் பக்கம் பக்கமாக விளக்கும். நமக்கு அது 'அட, நம்ம ஊர் பேச்சு' என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

இந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழி அறிஞர் இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று வாதாடினார். யாழ்ப்பாணப் பேராசிரியர்கள் சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தார்கள். பெரும்பாலான மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. சொல் அடுக்கில் இதே மாதிரி ஒற்றுமை கொரிய, துருக்கி மொழிகளிலும் இருக்கிறது. படிக்கிறவருக்கு அந்தச் சண்டை தேவையில்லை. உறவோ இல்லையோ, உபயோகம் உண்டு.

உச்சரிப்பிலும் நமக்கு லாபம்தான். ஜப்பானிய உயிரொலிகள் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. குறில் நெடில் வித்தியாசமும் உண்டு. 'ஒபசன்' என்றால் அத்தை, 'ஒபாசன்' என்றால் பாட்டி. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள். 'படு'வுக்கும் 'பாடு'வுக்கும் வித்தியாசம் தெரிந்த நமக்கு என்ன கஷ்டம்? எழுத்து வரிசையைக்கூட கவனியுங்கள்: க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த 'ஹ' பழைய காலத்தில் 'ப'வாக இருந்தது. பௌத்தத் துறவிகள் வழியே போன சமஸ்கிருத எழுத்து வரிசையின் தாக்கம் அது. ஆகவே அகராதியைப் புரட்டும்போது ஊரில் இருக்கும் உணர்வே வரும்.

தமிழ் காலை வாரும் இடம்

ஆனால் ஜப்பானியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். மேலே 'தபெதெ' என்று எழுதியிருந்ததை எப்படிப் படித்தீர்கள்? கடைசித் 'தெ'யை 'அது'வில் வரும் ஒலி மாதிரி படித்திருப்பீர்கள். உண்மையில் அது 'தலை'யில் வரும் ஒலி. நமக்கு ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும். ஜப்பானியத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு சொல்.

இதற்கு திண்டுக்கல்காரருக்கு ஏற்ற உதாரணமே இருக்கிறது. ஜப்பானியத்தில் 'சாவி'க்கும் 'சீமைப் பனிச்சை' என்ற பழத்துக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'ககி'தான். சாவிக்கு இரண்டாவது எழுத்து 'தங்கம்' என்பதில் வருவது போல ஒலிக்க வேண்டும், பழத்துக்கு 'கல்'லில் வருவது போல. பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர் போய் சாவிக்குப் பதில் பழம் கேட்டால் நன்றாகவா இருக்கும்?

ஆங்கில எழுத்திலும் எழுதிப் படிக்க வேண்டாம். நான் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் படித்தேன். பிறகு உண்மையான ஜப்பானிய வரியைப் பார்த்தபோது ஒரு சொல்லும் அடையாளம் தெரியவில்லை. மறுபடி முதலில் இருந்து.

அப்புறம், தமிழ் எதற்குமே உதவாத மலை ஒன்று நிற்கிறது: காஞ்சி என்ற சித்திர எழுத்துகள். ஜப்பான் அரசின் அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 இருக்கின்றன. பயப்பட வேண்டாம், என்5-க்கு ஏறக்குறைய நூறு போதும்.

சரி, எதை வைத்துப் படிப்பது?

முதல் இரண்டு மூன்று வாரம் எழுத்து மட்டும். ஹிரகானா 46, கதகானா 46. ஜப்பான் ஃபவுண்டேஷன் வெளியிட்டிருக்கும் 'ஹிரகானா மெமரி ஹின்ட்', 'கதகானா மெமரி ஹின்ட்' ஆப்கள் இலவசம். ஒவ்வோர் எழுத்தையும் ஒரு படமாக மாற்றிக் காட்டும். ஆனால் ஆப் மட்டும் போதாது, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கையால் எழுதுங்கள்.

அடுத்தது பாடப்புத்தகம். இங்கேதான் பலரும் தேவையில்லாமல் செலவு செய்கிறார்கள். அதே ஜப்பான் ஃபவுண்டேஷனின் 'இரோதோரி' என்ற புத்தக வரிசை முழுசாக இலவசம், ஆடியோவோடு டவுன்லோடு செய்துகொள்ளலாம். மூன்று பாகம், பாகத்துக்கு 18 பாடம். கடையில் சாமான் வாங்குவது, மேலதிகாரியிடம் லீவு கேட்பது, டாக்டரிடம் உடம்புக்கு என்னவென்று சொல்வது என்று அங்கே போய் வேலை செய்கிறவரை மனதில் வைத்தே எழுதியது. ஜேஎஃப்டி பேசிக் எழுதுகிறவருக்கு இதுதான் நேர் வழி. அவர்களின் 'மினாதோ' தளத்தில் பதிவு செய்தால் இதையே ஆன்லைன் கோர்ஸாகவும் படிக்கலாம். ஆசிரியர் இல்லாத சுயகற்றல் கோர்ஸ்களுக்குக் கட்டணம் இல்லை.

இலக்கணத்தை ஒழுங்காக, படிப்படியாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் 'மின்னா நோ நிஹோங்கோ' வாங்கலாம். அதன் இந்தியப் பதிப்பை கோயல் பப்ளிஷர்ஸ் வெளியிடுகிறது. இறக்குமதிப் புத்தகத்தைவிட விலை வெகு குறைவு. முதல் 25 பாடம் கிட்டத்தட்ட என்5, அடுத்த 25 என்4. ஜேஎல்பிடிதான் இலக்கு என்றால் என் ஓட்டு இதற்குத்தான். இந்த ஒரு செலவு நியாயம்.

சொற்களை மனப்பாடம் செய்ய அங்கி ஆப். மறக்கப் போகும் நேரம் பார்த்துச் சொல்லைத் திரும்ப எடுத்து நீட்டும். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. கேட்டலுக்கு 'நிஹோங்கோ கொன் தெப்பே' என்ற பாட்காஸ்ட் உண்டு. ஆரம்பநிலைக்காரருக்காக ஒருவர் எளிய ஜப்பானியத்தில் சின்னச் சின்னதாகப் பேசிக்கொண்டே போவார். பேருந்தில் போகும்போது கேட்கலாம். என்ஹெச்கே வேர்ல்டின் எளிய ஜப்பானியப் பாடங்கள் பல மொழிகளில் இருக்கின்றன. இந்தியும் உருதும் உண்டு, ஆகவே உருது பேசும் குடும்பங்களுக்கு அது வசதி. வாசிப்புக்கு 'ததோகு' தளத்தில் படங்களோடு நிலைவாரியாகச் சின்னக் கதைகள் இலவசம். தேர்வுக்கு முன் ஜேஎல்பிடியின் அதிகாரபூர்வ தளத்திலேயே மாதிரி வினாத்தாள் தொகுப்பும் அதற்கான ஆடியோவும் இருக்கின்றன. அதை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள்.

ஒன்றே ஒன்று: இத்தனையையும் ஒரே நாளில் போனில் ஏற்றிவிட்டு எதையும் திறக்காமல் இருப்பதுதான் வழக்கமாக நடப்பது. ஒரு புத்தகம், ஒரு ஆப், ஒரு பாட்காஸ்ட். அதற்கு மேல் என்5 வரை வேண்டாம்.

எதற்குக் காசு கொடுக்கலாம்?

இலவசமாகக் கிடைக்காதது ஒன்று உண்டு. நீங்கள் பேசுவதைக் கேட்டு, 'இது தப்பு, இப்படிச் சொல்லு' என்று திருத்தும் ஆள். இதில் இன்னொரு சிக்கல், ஜேஎல்பிடி, ஜேஎஃப்டி இரண்டிலுமே பேச்சுத் தேர்வு கிடையாது. விடையைத் தேர்வு செய்தால் போதும். அதனால் சான்றிதழ் கையில் இருக்கும், இன்டர்வியூவில் வாய் திறக்க வராது. ஹலோடாக் போன்ற ஆப்களில் ஜப்பானியரோடு பழகலாம். ஆனால் முறையாகத் திருத்த ஓர் ஆசிரியர் தேவை. என்5 அளவுக்கு வந்த பிறகு, வாரம் ஒரு மணி நேரம் பேச்சுக்கு மட்டும் ஆன்லைனில் ஆசிரியர் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் நகையை அடகு வைக்கும் அளவுக்கு அது ஆகாது.

அந்தக் கட்டத்தில் வகுப்பில் சேர்ந்தாலும் தப்பில்லை. என்ன கேட்க வேண்டும் என்று அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆறு மாதம் முயன்றும் கதகானாவைத் தாண்டவில்லை என்றால், அதுவும் முன்பணம் கட்டாமலே கிடைத்த தகவல்தான்.

ஜேஎல்பிடி உலக அளவில் ஜூலை, டிசம்பர் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். சென்னையில் இதை நடத்துவது ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் தமிழ்நாடு மையம். 'தோசோகாய்' என்றால் முன்னாள் மாணவர் சங்கம், ஜப்பானில் பயிற்சி பெற்று வந்தவர்கள் சேர்ந்து நடத்துவது. விண்ணப்பம் தேர்வுக்குச் சில மாதங்கள் முன்பே திறந்து மூடிவிடும். ஆகவே டிசம்பர் தேர்வுக்கு ஆகஸ்டிலிருந்தே அவர்களின் தளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். சனிக்கிழமை இரவு திண்டுக்கல்லில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடிகாலையில் எழும்பூர். டிக்கெட்டை முன்பதிவு திறந்த அன்றே போட்டுவிடுங்கள். ஹால் டிக்கெட், அடையாள அட்டை, இரண்டு எச்பி பென்சில், ஒரு ரப்பர். பேனா செல்லாது.