காதுக்குக் கருவி வாங்கும் முன்

மகாராஷ்டிர மாநிலத்தில் பிவண்டி என்று ஓர் ஊர். மும்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. விசைத்தறிகள் நிறைந்த ஊர். தெருவில் நடந்தாலே தறிச் சத்தம் காதை அடைக்கும்.

அந்த ஊர் நெசவாளி ஒருவர். வயது 62. தறிக் கொட்டகையில் 35 ஆண்டுகள் வேலை செய்தவர். அங்கே பக்கத்தில் நிற்பவரோடு பேசவும் கத்த வேண்டும். இல்லையென்றால் சைகை காட்ட வேண்டும்.

கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குக் காது மந்தம் ஆயிற்று. "பேசுவது கேட்கிறது. என்ன பேசுகிறார்கள் என்றுதான் புரியவில்லை" என்பார். வீட்டில் ஒன்று கேட்டால் வேறொன்று பதில் சொல்வார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அதனால் அவர் பேச்சையே குறைத்துக்கொண்டார். வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

ஏன் இப்படி ஆகிறது?

நம் காதின் உட்பகுதியில் மிக நுண்ணிய மயிர் போன்ற உறுப்புகள் இருக்கின்றன. ஓசையை மூளைக்கு அனுப்புவது இவற்றின் வேலை. பல ஆண்டுகள் பெருஞ்சத்தத்தில் இருந்தால் இவை அழிந்துவிடும். அழிந்தவை மறுபடி முளைப்பதில்லை.

முதலில் கீச்சென்ற மெல்லிய ஓசைகள் போய்விடும். தடித்த ஓசைகள் கேட்கும். 'ச', 'த' போன்ற எழுத்துகளின் ஓசை சரியாகக் கேட்காது. அதனால்தான் பேச்சு காதில் விழுந்தும் புரிவதில்லை.

இதற்கு மருந்து இல்லை. ஆனால் காது கேட்கும் கருவி உதவும்.

கடையில் நடந்தது

'இலவசக் காது சோதனை' என்று ஒரு கடையில் பலகை இருந்தது. நெசவாளியை மருமகள் அங்கே அழைத்துப் போனாள். முன் அறையிலேயே சோதனை நடந்தது. வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஐந்து நிமிடத்தில் சோதனை முடிந்தது.

"இது பெரிய வெளிநாட்டுக் கம்பெனி. ஒரு காதுக்கு 45,000 ரூபாய். இன்று வாங்கினால் தள்ளுபடி உண்டு" என்றார் விற்பவர்.

இரண்டு காதுக்கும் 90,000 ரூபாய். மாமியாரின் நகையை அடகு வைக்க வேண்டும். நெசவாளி தயங்கினார். "பெரிய கம்பெனி என்கிறாரே. வாங்கிவிடலாமா?" என்று மருமகளைக் கேட்டார்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், மாமா. இங்கே அளக்கவே இல்லையே!" என்றாள் மருமகள். சோதனைத் தாளைக் கேட்டாள். அவர்கள் தரவில்லை. இருவரும் வீடு திரும்பினார்கள்.

முதலில் மருத்துவர்

அடுத்த வாரம் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பார்த்தார். ஒரு காதில் குறும்பி அடைத்திருந்தது. அதை எடுத்தார். கொஞ்சம் தெளிவு வந்தது. ஆனால் மந்தம் முழுவதும் போகவில்லை.

கருவி வாங்கும் முன் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். சிலருக்குக் குறும்பியை எடுத்தாலே போதும். சிலருக்குச் சீழ் வடியும். சிலருக்குச் செவிப்பறையில் ஓட்டை இருக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. திடீரென்று காது கேட்காமல் போனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அளந்து பார்த்தார்கள்

மும்பையில் பாந்த்ரா பகுதியில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது. காது கேளாதவர்களுக்காக மத்திய அரசு 1983-ல் தொடங்கிய நிறுவனம் இது. மருத்துவர் அங்கே போகச் சொன்னார்.

அங்கே வெளிச் சத்தம் நுழையாத ஓர் அறை. நெசவாளியை உள்ளே உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக ஓசை கொடுத்தார்கள். காதின் பின்புற எலும்பில் ஒரு சிறு கருவியை வைத்தும் பார்த்தார்கள். பேச்சு எவ்வளவு புரிகிறது என்றும் சோதித்தார்கள். பிறகு ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். அதன் பெயர் ஆடியோகிராம். அதில் சிவப்பு வட்டம் வலது காதைக் குறிக்கும். நீலப் பெருக்கல் குறி இடது காதைக் குறிக்கும்.

இந்தச் சோதனையைச் செய்தவர் ஒரு பெண். ஆடியாலஜிஸ்ட். அதாவது செவித்திறனை அளந்து, கருவியைப் பொருத்தப் படித்தவர்.

"எந்தக் கம்பெனி கருவி நல்லது, அம்மா?" என்று நெசவாளி கேட்டார்.

"கண்ணாடிக் கடையில் முதலில் என்ன பார்ப்பார்கள், ஐயா? பவர் பார்ப்பார்கள். அப்புறம்தானே பிரேம்? இதுவும் அப்படித்தான். கம்பெனி பெயர் அப்புறம். உங்கள் காதுக்கு எந்த ஓசை எவ்வளவு குறைவு என்பதுதான் முதலில்" என்றார் அவர்.

பெயர் பல, குழு சில

கடையில் பல பெயர்களில் கருவிகள் இருக்கும். ஆனால் உலகில் இவற்றைச் செய்யும் பெரிய குழுமங்கள் சிலவே. போனாக், யூனிட்ரான் இரண்டும் ஒரே சுவிட்சர்லாந்து நிறுவனத்தைச் சேர்ந்தவை. சிக்னியா, வைடெக்ஸ் இரண்டும் 2019 முதல் ஒரே குழுமத்தில் இருக்கின்றன. எனவே பெயரை மட்டும் வைத்து ஒன்று உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது என்று சொல்ல முடியாது.

ஒரே பெயரிலும் குறைந்த விலை, நடுத்தர விலை, அதிக விலை என்று கருவிகள் உண்டு. விலை கூடினால் சத்தம் கூடும் என்று நினைக்கக் கூடாது. விலை உயர்ந்த கருவியில் வசதிகள் கூடுதலாக இருக்கும். கூட்டத்தில் இரைச்சலை ஓரளவு குறைக்கும். கைபேசியோடு இணையும். இவை சிலருக்குத் தேவை. எல்லோருக்கும் தேவை இல்லை.

நெசவாளிக்கு மூன்று கருவிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொன்றையும் அவர் காதின் அளவுக்குக் கணினியில் சரிசெய்தார்கள். மருமகள் மெதுவாகப் பேசிப் பார்த்தாள். வீட்டுப் பேச்சுக்கு 18,000 ரூபாய்க் கருவியே அவருக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு காதிலும் குறை இருந்ததால் இரண்டு வாங்கினார்கள். செலவு 36,000 ரூபாய். நகை வீட்டிலேயே இருந்தது.

யாரை நம்புவது?

கருவி விற்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுபவர்கள் அல்ல. கடை வைத்து நேர்மையாகப் பணி செய்யும் நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் விற்றால்தான் கடைக்கு வருமானம். இதை மனத்தில் வைத்துக் கேள்வி கேட்க வேண்டும். நல்ல நிபுணர் கேள்வி கேட்டால் கோபப்பட மாட்டார்.

இந்திய மறுவாழ்வு மன்றம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1992-ல் வந்த சட்டப்படி ஆடியாலஜிஸ்டுகள் அதில் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் பதிவு எண் உண்டு. அந்த எண்ணைக் கேட்பது வாங்குபவரின் உரிமை.

வாங்குவதோடு வேலை முடிவதில்லை. முதல் நாள்களில் எல்லாம் இரைச்சலாகத் தோன்றும். சொந்தக் குரலே வேறாகக் கேட்கும். நெசவாளிக்கும் அப்படித்தான் இருந்தது. பாத்திரம் விழுந்தால் இடி விழுந்தது போல் இருந்தது. "இது வேண்டாம்" என்று கழற்றி வைத்தார். மருமகள் விடவில்லை. இரண்டு வாரத்தில் மறுபடி அழைத்துப் போனாள். கருவியைச் சரிசெய்தார்கள். இன்னும் ஒரு முறை போனார்கள். பிறகு பழகிவிட்டது. பல வீடுகளில் கருவி பெட்டியில் தூங்குவதற்குக் காரணம், இப்படித் திரும்பப் போகாததுதான்.

பணம் இல்லாதவர்களுக்கு

ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்று, வருமானமும் குறைவாக உள்ளவர்களுக்கு மத்திய அரசின் உதவித் திட்டம் உண்டு. இதன் பெயர் ஏ.டி.ஐ.பி. 1981 முதல் நடக்கிறது. 60 வயதைக் கடந்த ஏழை முதியோருக்கு 2017-ல் தொடங்கிய வயோஸ்ரீ திட்டம் உண்டு. இந்தத் திட்டங்களுக்குக் கான்பூரில் உள்ள அலிம்கோ என்ற அரசு நிறுவனம் கருவிகள் தருகிறது. அரசு மருத்துவமனையிலும், மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் விவரம் கேட்கலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. உங்கள் பதிவு எண் என்ன?
2. சோதனைத் தாளை எனக்குத் தருவீர்களா?
3. இதைவிடக் குறைந்த விலைக் கருவியைப் போட்டுக் காட்டுவீர்களா?
4. சில நாள் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா? பிடிக்கவில்லை என்றால் பணம் திரும்ப வருமா?
5. பிறகு சரிசெய்ய எத்தனை முறை வரலாம்? அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?
6. வேறு ஊரில், வேறு நிபுணரும் இதைச் சரிசெய்ய முடியுமா? (சில கருவிகளை விற்ற கடையில் மட்டுமே சரிசெய்ய முடியும்.)
7. எத்தனை ஆண்டு உத்தரவாதம்? கருவியின் எண்ணை பில்லில் எழுதித் தருவீர்களா?

காது கேட்கும் கருவிக்கு ஜி.எஸ்.டி. வரி இல்லை. பில்லில் வரி போட்டிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். ஏமாற்றம் நடந்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார் சொல்லலாம்.

'இன்றே வாங்கினால் தள்ளுபடி' என்று யாராவது அவசரப்படுத்தினால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். பல ஆண்டுகளாக மந்தமான காதுக்கு ஒரு வாரம் யோசித்துக் கருவி வாங்குவதால் நட்டம் எதுவும் இல்லை.

பிவண்டி நெசவாளி இப்போது வாசலில் தனியாக உட்காருவதில்லை. பேரப்பிள்ளைகள் பாடம் படிக்கும்போது பக்கத்தில் உட்காருகிறார். தப்பாகப் படித்தால் திருத்துகிறார்.