அன்பின் பெயரால் அதிகாரம்

'காதல்' என்னும் சொல் திரைப்படப் பாடலில் ஒலிக்கும்போது தலையசைத்துக் கேட்கிறோம். அதே சொல் நம் பிள்ளையின் வாயிலிருந்து வரும்போது பதறி எழுகிறோம். இரசிப்பதற்கும் பதறுவதற்கும் நடுவே, அமைதியாக அமர்ந்து பேச வேண்டிய செய்தி ஒன்று பேசப்படாமலேயே கிடக்கிறது. பதினைந்து, பதினாறு, பதினேழு வயதில் பிள்ளைகள் ஒருவர் மீது ஒருவர் கொள்ளும் விருப்பம் எந்த இடத்தில் அன்பாக இருப்பதை விட்டு ஆதிக்கமாக மாறுகிறது என்பதே அச்செய்தி.

இவ்வயதில் காதல் தகுமா, தகாதா என்னும் வழக்கை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அதைப் பற்றிப் பேசுவோர் பங்குதோறும் உளர். பெற்றோர் ஒப்பினும் ஒப்பாவிடினும் பிள்ளைகள் சிலர் இத்தகைய உறவுகளில் இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் மிரட்டப்படுகிறார்கள், இழிவுபடுத்தப்படுகிறார்கள், அடிக்கப்படவும் செய்கிறார்கள். வெளியே சொன்னால் வீட்டில் என்ன நேருமோ என்று அஞ்சி, அனைத்தையும் விழுங்கிக்கொண்டு நம்மோடு இரவுச் செபத்திற்கு அமர்கிறார்கள். அவர்களைக் குறித்தே இக்கட்டுரை.

அடி விழுவதற்கு முன்பே

கொடுமை என்றதும் கன்னத்தில் விழும் அறையையே நாம் எண்ணுகிறோம். ஆனால் அறை வரும் நாளுக்கு நெடுநாள் முன்னரே கொடுமை வீட்டிற்குள் நுழைந்து விடுகிறது. அதுவும் பெரும்பாலும் பாராட்டின் உருவில் நுழைகிறது. பழகத் தொடங்கிய இரண்டாம் வாரத்திலேயே 'நீ இல்லாவிட்டால் எனக்கு உலகமே இல்லை' என்னும் பேச்சு, அளவுக்கு மீறிய பரிசுகள், விடியற்காலையிலும் நள்ளிரவிலும் ஓயாமல் வரும் செய்திகள். அன்பிற்கு ஏங்கும் வயதில் இவை இனிக்கத்தான் செய்யும். அவசரமே இங்கு முதல் அடையாளம். மெய்யான அன்பு ஒருவரை அறிந்துகொள்ளக் காலம் எடுத்துக்கொள்ளும். ஆள நினைக்கும் மனத்திற்கோ காத்திருக்கப் பொறுமை இராது.

அடுத்து வருவது கைப்பேசி. எங்கே இருக்கிறாய், யாருடன் இருக்கிறாய், ஏன் பத்து நிமிடமாகப் பதில் இல்லை, இருக்கும் இடத்தைப் படம் பிடித்து அனுப்பு என்று கேள்விகள் தொடங்குகின்றன. பிறகு கடவுச்சொல்லைக் கேட்பார்கள். 'என்மேல் நம்பிக்கை இருந்தால் கொடு' என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படும். இதைச் சற்று எண்ணிப் பாருங்கள்: நம்பிக்கை உள்ளவருக்குக் கடவுச்சொல் எதற்கு? இருக்குமிடத்தை ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கும் வசதியும் இப்போது ஒவ்வொரு கைப்பேசியிலும் உண்டு. காணாமற்போகும் குழந்தையைத் தேட உதவும் அதே வசதி, ஒரு பெண்ணைக் கண்ணுக்குத் தெரியாத கயிற்றால் கட்டி வைக்கவும் உதவுகிறது.

அதன்பின் தோழியர் ஒவ்வொருவராக விலக்கப்படுகின்றனர். 'அவள் சரியில்லை', 'உன் அண்ணனுக்கு என்னைப் பிடிக்கவில்லை', 'பாடற்குழுவிற்குப் போகாதே, அங்கே பையன்கள் இருக்கிறார்கள்.' உடை குறித்துக் கட்டளை வரும். துப்பட்டாவை எப்படிப் போட வேண்டும் என்பது வரை. பிறகு பலர் முன் கேலி, நிறத்தையும் உடலையும் படிப்பையும் இகழ்தல், 'உன்னை வேறு எவன் ஏற்பான்' என்னும் பேச்சு. உடன் அமர்ந்திருப்பவள் அஞ்சி அலறும் வரை மோட்டார் சைக்கிளை வெறியோடு ஓட்டுவதையும் நாம் விளையாட்டாகக் கொள்ளலாகாது. கை ஓங்கப்படவில்லை, ஆனாலும் அச்சம் ஊட்டப்பட்டு விட்டது.

இவற்றுள் ஏதேனும் ஒன்றை ஒரு முறை கண்டவுடன் இது கொடுமை என்று தீர்ப்பிட வேண்டியதில்லை. பொறாமை எவருக்கும் வரும். இளவயதில் கோபமும் வரும். பார்க்க வேண்டியது, அது வளர்கிறதா என்பதையும், நம் பிள்ளையின் உலகம் நாளுக்கு நாள் சுருங்குகிறதா என்பதையும்தான். 'அவனுக்குப் பிடிக்காது' என்னும் சொற்றொடர் பேச்சில் அடிக்கடி தலைகாட்டினால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கைப்பேசி ஒலிக்கும்போதெல்லாம் முகம் வெளிறுவது, நெடுநாள் தோழி வீட்டிற்கு வருவது நின்று போவது, காரணமின்றி மதிப்பெண் சரிவது, கோடையிலும் முழுக்கைச் சட்டை, எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கும் புதுப் பழக்கம் ஆகியவை தாயின் கண்ணுக்குத் தப்பக் கூடியவை அல்ல.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் பெண்பிள்ளையை வைத்தே பேசி வருகிறோம். பெருங்காயங்கள் பெரும்பாலும் அவர்களுக்கே நேர்கின்றன என்பதே காரணம். ஆயினும் ஆண்பிள்ளைகளும் இழிவுக்கும் மிரட்டலுக்கும் ஆளாகிறார்கள். 'ஆம்பளை அழலாமா' என்று நாம் வளர்த்து வைத்திருப்பதால், அவர்கள் சொல்லாமல் இருப்பது இன்னும் எளிதாகிறது.

வெள்ளித்திரை கற்பித்த பாடம்

மறுக்கும் பெண்ணைத் தெருத் தெருவாகப் பின்தொடர்ந்தால் அவள் மனம் இளகும் என்பதைப் பல்லாண்டுகளாக நம் திரைப்படங்கள் கற்பித்து வருகின்றன. நாயகன் செய்தால் அது விடாமுயற்சி. அதையே எதிர்நாயகன் செய்தால் அடாத செயல். 1998-இல் சென்னையில் கேலி செய்து துரத்தியோரால் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்த பின்னரே, தமிழ்நாட்டில் பெண்களைச் சீண்டுவதற்கு எதிராகத் தனிச் சட்டம் வந்தது. விருப்பமில்லை என்று தெரிவித்த பின்னும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வதும், இணையத்தில் அவளைக் கண்காணிப்பதும் 2013 முதல் இந்தியா முழுவதிலும் குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 78-ஆம் பிரிவு. நம் பையன்களுள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பூவோடு வரும் மன்னிப்பு

அடித்தவன் மறுநாள் பூவோடு வருகிறான். கண்ணீர் விடுகிறான், சத்தியம் செய்கிறான், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வதாகவும் சொல்கிறான். அவள் மனம் இரங்குகிறது. சில வாரங்கள் தேனாய்க் கழிகின்றன. பிறகு சிடுசிடுப்பு, குற்றம் காணல், மீண்டும் அடி. அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர், கணவரால் துன்புற்ற பெண்களிடம் கேட்டறிந்து 1979-இல் வெளியிட்ட நூலில் இந்தச் சுழலை விளக்கினார்: இறுக்கம் ஏறுதல், வெடித்தல், பின்பு கொஞ்சிக் குழைதல். மணமானவர்களிடம் அவர் கண்ட இச்சுழல், மணமாகாத இளையோரின் உறவிலும் காணக் கிடைப்பதே. மூன்றாம் கட்டத்தின் இனிமைதான் பெண்ணைக் கட்டிப் போடுகிறது. 'இதுதான் அவருடைய உண்மைக் குணம், மற்றது ஏதோ கோபத்தில் வந்தது' என்று அவள் நம்புகிறாள்.

மன்னிப்பைப் பற்றி நாம் சிறுவயது முதல் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறோம். ஏழெழுபது முறை மன்னிக்கச் சொன்னவர், அடிக்கிற கைக்கு எட்டும் தொலைவிலேயே நின்றுகொண்டு மன்னிக்கச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் நம் கடமை. மன்னிப்பது வேறு, திரும்பிச் செல்வது வேறு.

இதற்கு இன்னொரு முகம் உண்டு. 'நீ விட்டுப் போனால் கையை அறுத்துக்கொள்வேன், மருந்து குடிப்பேன்' என்னும் மிரட்டல். இதைக் கேட்டு நடுங்காத இளம்பெண் இல்லை. ஓர் உயிரின் பொறுப்பு முழுவதையும் பதினாறு வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றிவைப்பதும் ஒரு வகைக் கொடுமையே. அவன் மெய்யாகவே துன்பத்தில் இருக்கலாம். அப்படியானால் அவனுக்கு வேண்டியது மனநல உதவி. அவனுடைய பெற்றோருக்கோ ஆசிரியருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். அரசின் டெலி மானஸ் தொலைபேசி 14416 நாள் முழுவதும் இயங்குகிறது.

ஒரு படமும் ஓராயிரம் அச்சமும்

2019 பிப்ரவரியில் பொள்ளாச்சியில் கல்லூரி மாணவி ஒருவர் துணிந்து புகார் அளித்தார். நட்பாகப் பேசிப் பழகி, நம்பிக்கையைப் பெற்று, தனியிடத்திற்கு அழைத்துச் சென்று, வன்கொடுமை செய்து அதைப் படம் பிடித்து, அப்படத்தைக் காட்டி மிரட்டிய கூட்டம் ஒன்று அதனால் வெளிச்சத்திற்கு வந்தது. புகார் கொடுத்தவரின் பெயர் அதிகாரிகளாலேயே வெளியிடப்பட்டதும், உயர் நீதிமன்றம் அதைக் கண்டித்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். 2025 மே 13 அன்று கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் 9 பேருக்குச் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. பெண்கள் எண்மருக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது.

இவ்வழக்கு நமக்குக் காட்டுவது யாது? அந்தக் கூட்டத்தின் கையில் இருந்த படத்திற்குத் தானாக ஒரு வலிமையும் இல்லை. 'வீட்டிற்குத் தெரிந்தால் என்னாகும்' என்னும் அச்சமே அதற்கு வலிமை தந்தது. அந்த அச்சத்தை உருவாக்கியவர்கள் குற்றவாளிகள் மட்டுமல்லர், நாமும்தான். 'தெரிந்தால் கொன்றுபோடுவேன்' என்று பேச்சுவாக்கில் சொல்லும் தந்தையும், 'படிப்பை நிறுத்திக் கட்டிக் கொடுத்து விடுவோம்' என்னும் தாயும், அறியாமலே மிரட்டுகிறவனின் கையில் ஆயுதம் கொடுக்கிறார்கள். 'உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன்' என்னும் ஒரு வாக்கியத்தால் ஒரு பெண்ணை ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்க முடிகிறது என்றால், அவ்வாக்கியம் நம் வீட்டிலிருந்து எடுக்கப்பட்டதன்றோ?

புனித மரிய கொரற்றியை நம் பிள்ளைகளுக்குக் கற்பின் காவலியாகக் காட்டுகிறோம். அவர் வரலாற்றில் நாம் விரைந்து கடந்துவிடும் ஒரு பகுதி உண்டு. 1902 ஜூலை 5 அன்று அவரைக் குத்திய அலெசாந்திரோ செரெனெல்லி அயலான் அல்லன்; அதே வீட்டில் வாழ்ந்த மற்றொரு குடும்பத்து இளைஞன். அதற்கு முன்பே அவரிடம் தகாத முறையில் நடக்க முயன்று, தாயிடம் சொன்னால் கொன்றுவிடுவதாக மிரட்டியிருந்தான். தந்தையை இழந்து, தாய் வயலில் பாடுபட்டுக்கொண்டிருந்த வீட்டில், 11 வயதுச் சிறுமி அதைத் தன்னுள் வைத்துக்கொண்டாள். அது காதலன்று, ஆனால் எச்சரிக்கை முன்னதாகவே வந்தது, மிரட்டல் அதை மூடி வைத்தது என்பதில் இன்றைய வழக்குகளோடு அது ஒத்திருக்கிறது. ஜூலை 6-ஆம் நாள் திருவிழாவில் இதையும் பீடத்திலிருந்து சொல்லலாம் என்பது நம் கருத்து.

சொல்லிவிட்டால் என்ன செய்வது

பிள்ளை ஒருநாள் வாய் திறந்துவிட்டால், முதல் ஐந்து நிமிடமே முக்கியம். 'எத்தனை நாளாக இது?' என்றோ 'உனக்கு அங்கே என்ன வேலை?' என்றோ தொடங்கினால் கதவு மூடிவிடும். 'சொன்னது நல்லதம்மா, அப்பா இருக்கிறேன்' என்பது போதும். கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம். தோழியரும் உதவியும் அதில்தான் இருக்கிறார்கள். படிப்பை நிறுத்துவதோ அவசரத் திருமணமோ, குற்றம் செய்தவனை விட்டுவிட்டுத் துன்புற்றவளைத் தண்டிப்பதாகும்.

உறவை முறிக்கும் நேரமே மிக ஆபத்தான நேரம் என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். பிடி நழுவுகிறது என்று உணர்கிறவன் அப்போதுதான் எல்லை மீறுவான். 'கடைசியாக ஒரே ஒரு முறை பார்த்துப் பேசிவிடுவோம்' என்ற அழைப்பிற்குத் தனியே செல்லவே கூடாது. சில வாரங்களுக்குப் பள்ளிக்கும் மறைக்கல்விக்கும் துணையோடு செல்லட்டும். மிரட்டல் செய்திகளை வெறுப்பில் அழித்துவிடாமல் வைத்திருக்க வேண்டும், அவையே சான்று. ஆனால் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் தகாத படம் இருந்தால், அறிவுரை கேட்பதற்காகக்கூட உறவினர் எவருக்கும் அனுப்பலாகாது. பரப்புவது யாராயினும் குற்றம். அத்தகைய படங்கள் இணையத்தில் பரவாமல் தடுக்க, 'டேக் இட் டவுன்' என்னும் இலவச ஏற்பாடு 2023 முதல் இயங்குகிறது. படத்தை எவரிடமும் காட்டாமலேயே, அதன் எண் அடையாளத்தை மட்டும் கொண்டு, இதில் சேர்ந்துள்ள நிறுவனங்களின் தளங்களில் அதைத் தேடித் தடுக்கிறார்கள்.

சிறார் உதவிக்கு 1098, பெண்களுக்கு 181, இணையக் குற்றங்களுக்கு 1930 என்னும் எண்கள் உள்ளன. 18 வயது நிரம்பாதவரின் இசைவைச் சட்டம் இசைவாகக் கொள்வதில்லை என்பதையும், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவராயினும் தெரிவித்தே ஆகவேண்டும் என்பதையும் பெற்றோரும் ஆசிரியரும் நினைவில் கொள்க. பங்கில் பேசி முடித்துக்கொள்ளும் வழக்கு அன்று அது. பிள்ளையின் பெயரைச் செய்தித்தாள்கள் வெளியிடச் சட்டம் தடை விதித்துள்ளது.

அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் 2005-இல் ஓர் இளம்பெண் அவருடைய முன்னாள் காதலனால் கொல்லப்பட்டார். பள்ளியில் உடல்நலப் பாடம் கற்பித்த அவருடைய தாய் எடுத்த முயற்சியால், 2007-இல் அங்கே சட்டம் இயற்றப்பட்டு, ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இவ்வடையாளங்களைப் பள்ளியிலேயே கற்பிக்கிறார்கள். நம் ஞாயிறு மறைக்கல்வியிலும் இளையோர் கூட்டங்களிலும் ஆண்டுக்கு ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குவது கடினமன்று.

அதில் பையன்களும் அமர்ந்திருக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் மட்டும் படிக்கும் கட்டுரையாக இதைக் கொள்ளாதீர்கள். உங்கள் மகன் ஒரு பெண்ணிடம் 'ஏன் உடனே எடுக்கவில்லை?' என்று தொலைபேசியில் சீறுவதைக் கேட்டால், பையன் விவகாரம் என்று நகர்ந்து போகாமல், அன்று மாலையே அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். அவன் தன் தாயிடம் தந்தை பேசும் தொனியில்தான் அவளிடம் பேசுகிறானா என்பதையும், கொஞ்சம் கூச்சத்தோடுதான் என்றாலும், கவனித்துக் கேளுங்கள்.