ஆள்மாறாட்டத்தால் விளையும் நோய்

கோலா சிலாங்கூரின் தெனமாராம் தோட்டத்தில் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் தொடங்கிய பின், சிலாங்கூரில் செம்பனைத் தோட்டங்கள் பெருகின. லாலான் புல்லும் எலிகளும் மண்டிய அத்தகைய இடங்களில் உழைத்தோரை, எலிகளில் ஒட்டி வாழும் சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் கடுங்காய்ச்சல் வாட்டியது. 1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஃபிளெட்சரும் லெஸ்லரும் அதனை நகர்ப்புற டைஃபஸிலிருந்து பிரித்தறிந்த முறை, பாக்டீரியத் தொற்றுக்கும் தன்னுடல் தாக்குநோய்க்கும் உள்ள உறவை விளங்கிக்கொள்ள இன்றும் துணைசெய்கிறது.

நோயாளியின் இரத்த நீரை, அந்நோய்க்குக் காரணமே அல்லாத புரோட்டியஸ் என்னும் பாக்டீரியத்துடன் கலந்து பார்ப்பதே அவர்கள் கையாண்ட வெயில்-ஃபெலிக்ஸ் சோதனை. கிங்ஸ்பரி என்பவர் லண்டனிலிருந்து கொண்டுவந்து, அவர் பெயரின் முதலெழுத்தால் 'கே' எனக் குறிக்கப்பட்ட புரோட்டியஸ் வகை, தோட்டப்புற நோயாளிகளின் இரத்த நீரில் திரண்டது. நகர்ப்புற நோயாளிகளின் இரத்த நீரில் திரளவில்லை. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதமான எதிர்ப்பொருள், கிருமியின் ஒரு சிறு பகுதியின் வடிவத்தையே அடையாளமாகக் கொள்வதால், அதே வடிவம் வேறெதில் தென்பட்டாலும் அதனையும் பற்றிக்கொள்கிறது என்பதே இதன் காரணம்.

அந்த ஒத்த வடிவம் சோதனைக் குழாயில் இருக்கும்வரை மருத்துவருக்குத் துப்பாகிறது. நோயாளியின் சொந்த உடலிலேயே இருந்துவிட்டால் கேடாகிறது. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியத்தின் எம் புரதம், இதயத் தசையிலுள்ள மயோசின் என்னும் புரதத்தை ஓரளவு ஒத்திருப்பதால், தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரங்கள் கழிந்தபின் நோயெதிர்ப்பு ஆற்றல் மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல், பெரும்பாலும் 5 முதல் 15 வயதுடைய பிள்ளைகளுக்கு வருகிறது. இவ்வாறு கிருமியின் மூலக்கூறு உடலின் மூலக்கூறைப் போன்றிருப்பதை அறிவியலாளர் மூலக்கூறு ஒப்புமை என்கின்றனர். சிறுநீர்ப் பாதையில் தங்கும் புரோட்டியஸே முடக்குவாதத்தைத் தூண்டுகிறது என்று லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆலன் எப்ரிங்கர் முன்வைத்த கருத்தும் இவ்வொப்புமையையே அடிப்படையாகக் கொண்டதெனினும், அது பொதுவாக ஏற்கப்பட்ட முடிவன்று.

ருமாட்டிக் காய்ச்சலுக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்கும் உள்ள தொடர்போ ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது; அக்காய்ச்சல் தடுக்கவும் கூடியது. பலர் நெருங்கி வாழும் லயத்து வீடுகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எளிதில் தொற்றும் என்பதால், காய்ச்சலோடு தொண்டைவலி கண்ட பிள்ளையைத் தாமதமின்றிக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்வதும், மருத்துவர் பென்சிலின் தந்தால் வலி நின்றபின்னும் சொன்ன நாள்வரை தவறாமல் கொடுத்து முடிப்பதும் பெற்றோரின் கடமையாகும்.