பழுத்து உதிரும் புற்றணுக்கள்

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "புற்றணுவைக் கொல்லாமல் நல்ல அணுவாக மாற்றிவிடலாம் என்கிறார்களே, நிஜமா? அதற்கு ஆர்சனிக் ஏற்றுவார்களாமே?"

அவருடைய பயம் புரிகிறது. வங்காளத்தில் ஆர்சனிக் என்றால் குழாய்க்கிணற்று நஞ்சு. 1983இல் கொல்கத்தா ஸ்கூல் ஆஃப் டிராப்பிகல் மெடிசினின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, கிராமத்தாரின் தோலில் கண்ட புள்ளிகளுக்கும் தடிப்புகளுக்கும் நிலத்தடி நீரின் ஆர்சனிக்கே காரணம் என்று கண்டறிந்தார். அந்த நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் புற்றுநோயே வரலாம். அதே பொருள் ஒரு ரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்துகிறது என்பதும் உண்மைதான்.

அந்த நோயின் பெயர் ஏபிஎல். 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ள, இரண்டு மரபணுக்கள் ஒட்டி ஒரு கோளாறான புரதம் உருவாகிறது. வெள்ளணு முதிர்வதை அது தடுத்துவிடும். முதிராத அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் குவிந்துகொண்டே போகும்.

எங்கள் ஊரில் வாழைத்தாருக்கு மூட்டம் போடுவார்கள். காயாகவே நின்றது பழுக்கும்; பழுத்ததும் அதன் நாட்கள் எண்ணப்பட்டுவிடும். வைட்டமின் ஏயின் உறவான ட்ரெட்டினாயின் மாத்திரை செய்வதும் அதுதான். தடை நீங்கி அணு முதிர்கிறது, பிறகு எல்லா வெள்ளணுக்களையும் போலத் தன் ஆயுள் முடிந்து சாகிறது. 1985இல் ஷாங்காயில் மருத்துவர் வாங் ஜென்யி ஐந்து வயதுச் சிறுமிக்கு இதைக் கொடுத்துக் குணம் கண்டார். ஆர்சனிக்கின் வேலை வேறு: கோளாறான புரதத்தையே பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடும். இதைச் சீனாவின் ஹார்பினில் 1970களிலேயே பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள்.

என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. இந்தப் புற்றணுக்களுக்குள் ஆவர் குச்சிகள் எனப்படும் ஊசி போன்ற படிகங்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். சிகிச்சை தொடங்கிய பிறகு ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், முழுதாக முதிர்ந்த வெள்ளணு சிலவற்றிலும் அந்தக் குச்சிகள் தெரியும். நேற்றைய புற்றணுதான் இன்று முதிர்ந்து நிற்கிறது என்பதற்கு அணுவே சாட்சி சொல்கிறது. இந்த முதிர்வு வேகத்தில் சிலருக்குக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரும் என்பதால் மருத்துவமனைக் கண்காணிப்பு கட்டாயம்.

நம் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஆர்சனிக்கை மட்டுமே கொடுத்து 1998 முதல் 2004 வரை 72 பேருக்குச் சிகிச்சையளித்தார்கள். 86 சதவீதத்தினரின் ரத்தத்திலிருந்து நோய் அகன்றது. விக்ரம் மேத்யூஸ் குழுவினர் 2006இல் இதை வெளியிட்டார்கள். அக்குழுவிலிருந்த மம்மன் சாண்டி பிறகு கொல்கத்தா டாடா மெடிக்கல் சென்டரின் இயக்குநரானார். 2013இல் இத்தாலியர் தலைமையிலான ஆய்வு, ட்ரெட்டினாயின் மாத்திரையும் ஆர்சனிக்கும் சேர்ந்தால் வழக்கமான கீமோதெரபி இல்லாமலே பெரும்பாலோர் பிழைப்பதைக் காட்டியது.

மற்றப் புற்றுநோய்கள் இவ்வளவு எளிதில் வசப்படவில்லை. அவற்றில் பலவற்றுக்கு, ஏபிஎல்லில் உள்ளதுபோல முதிர்வைத் தடுக்கும் ஒற்றைப் பூட்டு கிடையாது. ஆகவே "எந்தப் புற்றையும் மாற்றுவோம்" என்று பற்பம் விற்பவரிடம் போகாதீர்கள். ஆர்சனிக்கை நீங்களாக வாங்கிச் சாப்பிடுவது தற்கொலைக்குச் சமம்.

ஏபிஎல் இன்றும் உயிர் பறிப்பது பெரும்பாலும் முதல் சில நாட்களின் ரத்தக்கசிவால். அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டுகள் தோன்றினாலோ ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலோ, அன்றைக்கே ரத்த அணு எண்ணிக்கையும் ஸ்லைடு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சந்தேகம் வந்தவுடன், மரபணு முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர்கள் ட்ரெட்டினாயின் மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள்.