எதிரணியிலிருந்து வந்த வாத்தியார்

1995-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி. தென் ஆப்பிரிக்காவில் உள்ள புளூம்பொன்டீன் நகரில் உலகக் கோப்பை ரக்பி ஆட்டம் நடந்தது.

நியூசிலாந்து எடுத்த புள்ளிகள் 145. ஜப்பான் எடுத்தது 17.

அடேயப்பா! இப்படியும் ஒரு தோல்வி உண்டா? ஜப்பான் ரசிகர்கள் நொந்து போனார்கள்.

அந்தப் போட்டிக்கு வந்த நியூசிலாந்து வீரர்களில் ஜேமி ஜோசப் என்பவரும் ஒருவர். வயது 25. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரி இனத்தவர். நல்ல உயரம், முரட்டு உடம்பு. 20 பெரிய பந்தயங்களில் நியூசிலாந்துக்காக ஆடியவர்.

அந்த ஜோசப் எங்கே போனார் தெரியுமா? ஜப்பானுக்கே போனார்!

முட்டை வடிவப் பந்து

ரக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் ஆட்டம். பக்கத்துக்கு 15 பேர். பந்தோடு ஓடுகிறவனை எதிரிகள் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளலாம். ஏறக்குறைய நமது சடுகுடு மாதிரிதான். ஆனால் ஒரு வேடிக்கை: கையால் பந்தை முன்னால் எறியக் கூடாது. பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 5 புள்ளிகள்.

ஜப்பானில் கம்பெனிகளே ரக்பி அணி வைத்திருந்தன. புகுவோகா பகுதியில் சானிக்ஸ் என்ற கம்பெனியின் அணியில் ஜோசப் சேர்ந்தார். அங்கேயே குடியிருந்தார். அப்போதைய விதிப்படி, ஒரு நாட்டில் 3 ஆண்டு வசித்தால் அந்த நாட்டுக்காக ஆடலாம். 1999 உலகக் கோப்பையில் ஜோசப் ஜப்பான் சட்டை போட்டு இறங்கினார்.

அந்த முறையும் ஜப்பான் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. "வெளிநாட்டானைச் சேர்த்து என்ன லாபம்?" என்ற முணுமுணுப்பு எழாமல் இருக்குமா? அடுத்த ஆண்டே விதி மாறியது. ஒரு நாட்டுக்கு ஆடியவர் மறு நாட்டுக்கு ஆட முடியாது என்று ஆயிற்று.

தோல்வி மேல் தோல்வி

ஆட்டத்தை விட்ட பிறகு ஜோசப் ஊர் திரும்பிப் பயிற்சியாளர் ஆனார். டுனெடின் நகரின் ஹைலேண்டர்ஸ் அணியை 2011-ல் ஏற்றார். 2013-ல் அந்த அணி ஜெயித்தது மூன்றே ஆட்டங்களில். இரண்டே ஆண்டுகள் கழித்து, 2015-ல், அதே அணி 21-14 என்று இறுதி ஆட்டத்தில் வென்று முதல் தடவையாகப் பட்டம் பெற்றது.

மறு ஆண்டே ஜப்பான் அழைத்தது. தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவி!

அவருக்கு முன்னால் இருந்த எடி ஜோன்ஸ் கண்டிப்பானவர். விடியற்காலையிலேயே பயிற்சியைத் தொடங்கி விடுவார். 2015-ல் தென் ஆப்பிரிக்காவையே 34-32 என்று வீழ்த்திக் காட்டியவர். ஜோசப்பின் வழி வேறு. "என்ன செய்யலாம் என்று நீங்களே யோசியுங்கள்" என்றார். வாத்தியார் சொன்னதைத் தட்டாமல் செய்து பழகியவர்களுக்கு இது முதலில் பிடிபடவில்லை.

பல ஊர்க் கற்கள்

2019-ல் உலகக் கோப்பை ஜப்பானிலேயே நடந்தது. ஜோசப் தேர்ந்தெடுத்த 31 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். டோங்கா, சமோவா, தென் ஆப்பிரிக்கா, தென் கொரியா என்று பல நாட்டுக்காரர்கள். கேப்டன் மைக்கேல் லீச் நியூசிலாந்தில் பிறந்து, 15 வயதில் ஜப்பானுக்குப் படிக்க வந்தவர்.

இவர்களை எப்படி ஒன்றாக்குவது? அந்த ஆண்டு மட்டும் சுமார் 240 நாட்கள் வீரர்கள் ஒன்றாக இருந்தார்கள். எல்லோரும் தேசிய கீதம் பாடக் கற்றார்கள். அந்தக் கீதத்தில், சிறு கற்கள் சேர்ந்து பெரும் பாறையாவதாக வருகிறது. மியாசாகி மாநிலத்தில் ஹியூகா என்ற ஊரின் கோயிலில் அப்படிப்பட்ட பாறை உண்டு. பயிற்சி முகாமின்போது அதைப் போய்ப் பார்த்தார்கள். பாடுகிறோமே, அது என்ன என்று தெரிய வேண்டாமா?

முதலில் ரஷ்யா தோற்றது. அடுத்து அயர்லாந்து. போட்டி தொடங்கியபோது உலகத் தர வரிசையில் முதலாவதாக இருந்த அணி! ஆட்டத்துக்கு முன் ஜோசப் தாமே எழுதிய ஒரு குறுங்கவிதையை வீரர்களுக்கு வாசித்தார். 3-12 என்று பின்தங்கிய ஜப்பான் 19-12 என்று ஜெயித்தது. பிறகு சமோவாவும் வீழ்ந்தது.

கடைசியாக ஸ்காட்லாந்து. அப்போதுதான் பெரும் புயல் ஒன்று ஜப்பானைத் தாக்கியது. ஆறுகள் கரை உடைத்தன. பல உயிர்கள் பலியாயின. வேறு மூன்று ஆட்டங்கள் கைவிடப்பட்டன. மறுநாள், அக்டோபர் 13-ந் தேதி, யோகொஹாமாவில் ஆட்டம் நடக்குமா என்று காலை வரை யாருக்கும் தெரியாது. நடந்தது. தொடங்குமுன் இறந்தவர்களுக்காக மௌனம் அனுஷ்டித்தார்கள். 28-7 என்று முன்னேறிய ஜப்பானை ஸ்காட்லாந்து விரட்டி விரட்டி 28-21 வரை வந்தது. ஆனால் எட்டவில்லை.

ஜப்பான் கால் இறுதிக்குப் போனது. எந்த ஆசிய நாடும் அதற்கு முன் போனதில்லை. அங்கே தென் ஆப்பிரிக்காவிடம் 3-26 என்று தோற்றது. அந்த தென் ஆப்பிரிக்காதான் கோப்பையையும் வென்றது. அணியின் கோஷம் "ஒன் டீம்". ஜப்பானியர் உச்சரிப்பில் "வன் சீமு". அந்த ஆண்டின் சிறந்த சொல்லாக ஜப்பானில் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

2023 உலகக் கோப்பையில் இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. கால் இறுதி கிட்டவில்லை. ஜோசப் விடைபெற்று டுனெடினுக்குத் திரும்பி, பழைய ஹைலேண்டர்ஸ் அணியிலேயே மறுபடி பொறுப்பு ஏற்றார். ஜப்பான் அணிக்குப் பழைய வாத்தியார் எடி ஜோன்ஸே திரும்பி வந்தார்.