இரு முகப் பலகையும் ஒரு துளையும்

மின்னணுக் கருவிகளுக்குள் காணப்படும் பச்சைப் பலகை, வழக்கில் பிசிபி எனப்படும் அச்சு மின்சுற்றுப் பலகை, கண்ணாடி இழைத் துணியை எபாக்சிப் பிசினில் தோய்த்து இறுக்கிய தகட்டின்மேல் செப்புப் படலத்தை ஒட்டி, மின்பாதைகளுக்கு வேண்டிய செம்பை மட்டும் விட்டுவிட்டு எஞ்சியதை அரித்து நீக்குவதால் உருவாவது. ஆலைத் தொழிலாகவே இன்று அறியப்படும் இக்கலை லண்டனின் வாடகை அறை ஒன்றில் பிறந்தது. வியன்னாவில் 1907-இல் பிறந்து 1936-இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த பால் ஐஸ்லர், ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் தங்கியிருந்தபோது இம்முறையில் வானொலி ஒன்றைச் செய்து காட்டினார். ஆகவே வீட்டில் பலகை செய்பவர், தொழிலின் மூலவடிவத்தையே மீண்டும் கையாள்கிறார்.

பழனிக்குக் கிழக்கே, கொய்யாத் தோப்புகளுக்குப் பெயர்பெற்ற ஆயக்குடி போன்ற கிணற்றுப் பாசன ஊரில், மண்ணின் ஈரத்தை அறிந்து சொட்டுநீர் வால்வைத் திறக்கும் சிறு கருவியை ஒருவர் அமைக்க முனைந்தால், நுண்கட்டுப்படுத்தி, உணரி, ரிலே ஆகியவற்றை இணைக்கும் பாதைகள் விரைவிலேயே ஒன்றையொன்று குறுக்கிடும். ஒரு முகப் பலகையில் அக்குறுக்கீட்டைத் தனிக் கம்பியால்தான் தாண்டவேண்டும். செம்பு இரு முகங்களிலும் இருந்தால் ஒரு பாதை கீழே செல்ல, மற்றது மேலே செல்லலாம். (கிணற்று மோட்டாரின் 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தை மட்டும் இத்தகைய வீட்டுப் பலகையின்மேல் கொண்டுவரலாகாது, அது ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கவேண்டும்.)

வரைபடத்தைக் கீகாட் (KiCad) போன்ற இலவச மென்பொருளில் வரைந்து, லேசர் பிரிண்டரில் வழவழப்பான தாளில் அச்சிட்டு, இஸ்திரிப் பெட்டியின் சூட்டால் டோனர் மையைச் செம்பின்மேல் ஏற்றுவதே எளிய வழி. மை படிந்த இடத்தைப் பெர்ரிக் குளோரைடு கரைசல் தீண்டாது; மற்ற இடங்களில் செம்பு கரைந்துவிடும். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைவீதிகளில் தகடும் ரசாயனமும் கிடைக்கும்.

அரிப்பதில் பெரிய சிரமமில்லை. இரு முகங்களும் பொருந்துவதுதான் சோதனை. மென்பொருள் அடிமுகத்தையும் மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதுபோலவே காட்டுவதால், தாள் கவிழ்த்து ஒட்டப்படும் இம்முறையில் மேல்முகப் படத்தை மட்டும் இடவலம் மாற்றி அச்சிடவேண்டும். இதை மறந்தால் பலகை முழுவதும் வீண். பின்னர் இரு தாள்களையும் அச்சுப் பக்கம் உள்ளே இருக்குமாறு வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, துளைக் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை நகர்த்தி, ஓரங்களை ஒட்டி உறையாக்கி, சுத்தம் செய்த தகட்டை அதற்குள் செருகிச் சூடேற்றுவர். அரை மில்லிமீட்டர் விலகினாலும் மெல்லிய துளைவட்டத்தின் ஓரம் அறுந்துபோகும் என்பதால், வீட்டுப் பலகைக்கு வட்டங்களைத் தாராளமாக வரைவதே விவேகம்.

அடுத்தது முகங்களை இணைக்கும் துளை. ஆலைகளில் முதலில் துளையிட்டு, துளைச் சுவரில் ரசாயன முறையில் மெல்லிய செம்பைப் படியச்செய்து, மின்முலாமால் அதைத் தடிப்பாக்கிய பிறகே அரிப்பர். வீட்டில் அவ்வசதி இல்லாததால், துளை வெறும் துளையாகவே நிற்கும். அதில் ஒற்றைச் செப்புக் கம்பியைச் செருகி இருபுறமும் சாலிடர் செய்து வெட்டவேண்டும். இந்த ஒரு குறையே வடிவமைப்பு முழுவதையும் ஆள்கிறது. மின்தடையின் கால்களை இருபுறமும் சாலிடர் செய்ய இயலும். ஐசி சாக்கெட்டும் ரிலேயும் தம் உடலால் மேல்முகக் கால்களை மறைத்துவிடுவதால், அவற்றின் இணைப்புகளை அடிமுகத்திலிருந்தே தொடங்கவேண்டும். கம்பித் துளைகளையும் அவற்றின் அடியில் வைக்கலாகாது. தானியங்கி வழிவகுப்பு மென்பொருள் இக்கட்டுப்பாட்டைத் தானாக அறிந்துகொள்ளாது என்பதால், பொறுமையாகக் கையால் வரைவதே நல்லது.

அரிப்புக்குப் பயன்படுத்திய கரைசலில் கரைந்த செம்பு எஞ்சியிருக்கும். தோல் பதனிடும் ஆலைக் கழிவுகளால் நிலத்தடி நீர் கெட்டதைக் கண்ட, ஆயக்குடியும் அடங்கிய திண்டுக்கல் மாவட்டத்தில் இதைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை. சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் செம்பும் இரும்பும் சேறாகப் படியும். அதைப் பிளாஸ்டிக் கலனில் மூடி, அபாயக் கழிவாகவே ஒப்படைக்கவேண்டும்.