டெஸ்டர் எரியவில்லை, சரி; எர்த் இருக்கிறதா?

விளாத்திகுளம் கரிசலில் சீமைக் கருவேலங்கரிக்குப் பஞ்சமில்லை. வேப்பலோடைப் பக்கம் போனால் உப்பளம். இரண்டும் சேர்ந்து வேலை பார்க்கும் இடம் எர்த் குழி. புதைத்த தகட்டைச் சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடுவது பழைய வழக்கம். கரி ஈரத்தைப் பிடித்துவைக்கும். உப்பு கரைந்து, மண்ணுக்குள் கரண்டு போக வழிவிடும்.

சித்திரை வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும்போது குழியும் காய்ந்துபோகும். மழைக்காலத்தில் 10 ஓம் காட்டிய குழி இப்போது 100 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெல்டிங் பட்டறை டிரில்லிங் மெஷினில் பேஸ் வயர் பாடியில் பட்டால், 230 வோல்ட்டில் 2.3 ஆம்பியர்தான் மண்ணுக்குள் இறங்கும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, விழாது. பாடியில் கரண்டு அப்படியே நிற்கும். ஆளைச் சாய்க்க அதில் ஒரு சிறு பங்கே போதும். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றுதானா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே துண்டித்துவிடும் ஆர்சிசிபி இதற்காகத்தான். குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டும், இதுவும் வேண்டும்.

இனி மெஷின். பாடியில் டெஸ்டரை வைப்பார்கள், எரியாவிட்டால் வேலை தொடங்கிவிடும். இந்த நிமிடம் கசிவு உண்டா என்பதோடு டெஸ்டரின் வேலை முடிந்தது. நாளைக்குக் கசிந்தால் தாங்குவதற்கு எர்த் வயர் உள்ளே முழுசாக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

முதல் சோதனை கண்ணால்தான். பெரும்பாலான கோளாறு இதிலேயே பிடிபடும். இன்சுலேஷன் டேப் சுற்றிய இடம், மெஷினுக்குள் வயர் நுழையும் கழுத்து, கருகிய பின். பிளக்கே இல்லாமல் வயர் நுனியைச் சொருகித் தீக்குச்சியால் இறுக்குகிறவர்களும் உண்டு (கோவில்பட்டிக்குப் பக்கத்தில் குச்சிக்கா குறை!). அதில் எர்த் துளை கடைசிவரை காலி. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை நீளமாக வைத்ததே, முதலில் தொட்டுக் கடைசியில் விலகட்டும் என்பதற்காக.

அடுத்து, அந்த நீளப் பின்னுக்கும் பாடிக்கும் இடையே ஓம் பார்க்க வேண்டும். சாதாரண மீட்டர் இங்கே ஏமாற்றும். எர்த் வயரில் எல்லா இழையும் அறுந்து ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் 'நல்லாயிருக்கு' என்றே காட்டும். அதனால் சோதனைக் கருவிகள் 25 ஆம்பியர் வரை செலுத்திப் பார்க்கின்றன. ஒற்றை இழை அதில் கருகிவிடும்.

மூன்றாவது மெக்கர், அதாவது இன்சுலேஷன் சோதனை. மெஷின் சுவிட்சை ஆனில் வைத்து, பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து, அதற்கும் பாடிக்கும் இடையே 500 வோல்ட் டிசி. எர்த் உள்ள மெஷினுக்குக் குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். வயரைக் கழுத்தருகே வளைத்து ஆட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். அசையாதபோது நன்றாயிருக்கும் முள், ஆட்டும்போது படுத்துவிடுவது உண்டு. உள்ளே படிந்த இரும்புத் தூளும் கார்பன் பிரஷ் பொடியும் ரீடிங்கை இறக்கிவிடும். உப்பளப் பகுதியில் உப்புக்காற்றின் ஈரம் வேறு.

இரண்டே கம்பி உள்ள கிரைண்டரைக் கண்டு பதற வேண்டாம். பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் இருந்தால் அது இரட்டைக் காப்பு. எர்த் தேவையில்லை, மெக்கரில் 2 மெகா ஓம் வர வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? இந்தச் சோதனை பரவலாக நடக்கும் பிரிட்டனிலேயே பணியிட மின்சாரத்துக்கான 1989 விதிகள் கெடு எதுவும் வைக்கவில்லை. மேசையைவிட்டு நகராத பிரின்டருக்கு வருடங்கள் போகலாம். தரையில் இழுபடும் கட்டிங் மெஷினின் வயரை, பிளக்கை உருவிவிட்டு, தினமும் காலையில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.